நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஒரு மாணவியும்

பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. நானூறு மீட்டர் ஓடி வருகிறவள் மூச்சு வாங்கப் புல்தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவளை நாம் அதிசயமாகப் பார்க்கிறோம். மாரத்தான் நெட்டோட்டமோ அதே நானூறு மீட்டர் வட்டத்தை நூற்றைந்து தடவை சுற்றி, அதன்மேல் இன்னும் அரை வட்டம் ஓடுவதற்குச் சமம். மொத்த தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பழைய கணக்கில் 26 மைல் 385 கஜம்.

இவ்வளவு தூரத்தைப் பெண்ணால் ஓட முடியாது என்று படித்தவர்களும் பெரியவர்களும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அது வெகு பழைய காலமன்று. நம் பாட்டிமார் இளம்பெண்களாக இருந்த காலம்தான். அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் ஒரு சிறிய ஓட்டக் கழகத்தின் உறுப்பினராகப் போஸ்டன் நகருக்குச் சென்ற இருபது வயதுக் கல்லூரி மாணவி. அவருடைய கதையையும், மாரத்தான் என்றால் என்ன, உடல் அதை எப்படித் தாங்குகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மாரத்தான் பிறந்த கதை

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஒரு சமவெளியின் பெயர். கி.மு. 490-ல் அங்கே பாரசீகப் படையை ஏதென்ஸ் நகரத்தார் வென்றார்கள். வெற்றிச் செய்தியை ஏந்தி ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடினான். செய்தியைச் சொல்லி முடித்ததும் உயிர் துறந்தான் என்பது பழங்கதை. ஆனால் அக்காலத்துக்கு மிக நெருங்கிய சரித்திர ஆசிரியரான ஹெரோடோட்டஸ் இந்த ஓட்டத்தைக் குறிப்பிடவில்லை. உதவி கேட்டு ஸ்பார்ட்டா நகருக்கு ஓடிய தூதனைப் பற்றியே அவர் எழுதியிருக்கிறார். ஏதென்ஸ் ஓட்டக் கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த எழுத்துகளில்தான் காணப்படுகிறது. ஆயினும் கதை மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

1896-ல் ஏதென்சில் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கியபோது, இந்தக் கதையின் நினைவாக ஒரு நெட்டோட்டம் வைத்தார்கள். ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர் அதில் முதலாவதாக வந்தார். அப்போது தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908-ல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி பாதை வகுத்தார்கள். அந்தத் தூரம் 26 மைல் 385 கஜம். 1921-ல் அதுவே உலகெங்கும் நிலையான அளவாகியது.

போஸ்டன் பந்தயம்

ஏதென்ஸ் ஓட்டத்தைக் கண்டு வந்த போஸ்டன் நகரத்தார் மறு ஆண்டே தங்கள் ஊரில் ஒரு மாரத்தானைத் தொடங்கினார்கள். 1897 ஏப்ரல் 19-ஆம் நாள் நடந்த அந்த முதல் ஓட்டத்தில் கலந்துகொண்டவர் பதினைந்தே பேர். ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான்களில் இதுவே மிகப் பழமையானது. அமெரிக்க விடுதலைப் போரின் முதல் சண்டைகளை நினைவுகூரும் நாட்டுப்பற்றாளர் தினத்தன்று அது நடைபெறும்.

1924 முதல் ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் ஓட்டம் தொடங்குகிறது. முதலில் பாதை பெரும்பாலும் இறக்கமாகவே இருக்கும். புதியவர்கள் உற்சாகத்தில் வேகமாக ஓடிக் களைத்துப்போவது இங்கேதான். பாதி வழியில் வெல்லெஸ்லி என்ற புகழ்பெற்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. மாணவியர் சாலையோரம் வரிசையாக நின்று, காது செவிடுபடும்படி கூவி ஓட்டக்காரர்களை ஊக்குவிப்பது அங்கே வழிவழியாக வரும் வழக்கம்.

அதன்பின் நியூட்டன் குன்றுகள் வரும். அவற்றில் கடைசியானது 20-ஆம் மைலைத் தாண்டியதும் எதிர்ப்படுகிறது. அதற்கு 'நெஞ்சை உடைக்கும் குன்று' என்று பெயர். 1936-ல் ஜான் கெல்லி என்ற வீரர், தமக்கு முன்னே ஓடிய எலிசன் பிரவுன் என்பவரை இந்தக் குன்றில் எட்டிப்பிடித்தார். கடந்து செல்லும்போது ஆறுதலாக அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாராம். பிரவுனுக்கு அது ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. மீண்டும் பாய்ந்து முன்னேறி வெற்றி பெற்றார். கெல்லியின் நெஞ்சு உடைந்தது என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, குன்றுக்குப் பெயர் வந்துவிட்டது. உயரம் என்னவோ ஏறத்தாழ 27 மீட்டர்தான். அது வரும் இடம்தான் கொடியது. குன்றைத் தாண்டியதும் சேசு சபைக் குருக்கள் நடத்தும் போஸ்டன் கல்லூரியின் கோபுரங்கள் கண்ணில் படும். அங்கிருந்து நகரம் ஐந்து மைல்.

உடல் எப்படித் தாங்குகிறது?

இருபதாம் மைல் ஏன் அவ்வளவு கொடியது? விடை நம் உடலுக்குள் இருக்கிறது. நாம் உண்ணும் சோறு, இட்லி, கிழங்கு ஆகியவற்றின் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்னும் பொருளாகித் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. ஓடுவதற்கு உடல் விரும்பி எடுக்கும் எரிபொருள் இதுதான். ஆனால் சேமிப்பு அளவானது. நன்கு உண்டு ஓய்வெடுத்த ஒருவரிடத்தில் இது ஏறத்தாழ 2000 கலோரி வெப்பத்தைத் தரக்கூடிய அளவே இருக்கும். ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் மாரத்தான் முழுவதும் ஓட ஐம்பதை நாற்பத்திரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், 2100 வருகிறது.

மீதிக்கு உடல் கொழுப்பை எரிக்கிறது. கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அது மெல்ல எரியும் விறகு. கிளைக்கோஜன் தீர்ந்துபோனால் கால்கள் ஈயக்கட்டிபோலக் கனக்கும், தலை சுற்றும், மனம் சோரும். அநேகருக்கு இது 20-ஆம் மைலை ஒட்டி, அதாவது 32 கிலோமீட்டர் அளவில் வருகிறது. ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் மோதுவது' என்பார்கள்.

பயிற்சியினால் இந்தச் சுவரைத் தள்ளிவைக்கலாம். வாரம் ஒருமுறை நெடுந்தூரம், மற்ற நாட்களில் குறைந்த தூரம், இடையே ஓய்வு என்று பல மாதம் ஓடுகிறவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. தசைகளில் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் உண்டாகின்றன. கொழுப்பை முன்னதாகவே எரிக்கத் தொடங்கிக் கிளைக்கோஜனை மிச்சம் பிடிக்கவும் உடல் பழகுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. இந்த மாற்றங்கள் எல்லாம் ஆணுக்கு எப்படியோ அப்படியே பெண்ணுக்கும் நிகழ்கின்றன. இது இன்று விஞ்ஞானம் அறிந்த செய்தி. ஆனால் அன்று?

ஏன் தடுத்தார்கள்?

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் வென்றார். இறுதிப் பந்தயத்தில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். முடிந்தபின் சிலர் களைப்பால் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படிச் சாய்வதுண்டு. ஆனால் பத்திரிகைகள் பெண்கள் கூட்டமாக மயங்கி விழுந்ததாக எழுதின. பெண்ணின் உடலுக்கு நெட்டோட்டம் ஆகாது, தாய்மைக்குக் கேடு என்ற கூச்சல் எழுந்தது. அந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்பி வந்தது. ஒரு தவறான செய்தி முப்பத்திரண்டு ஆண்டு பெண்களைத் தடுத்துவைத்தது!

அமெரிக்காவில் அமெச்சூர் விளையாட்டுச் சம்மேளனம் பெண்கள் ஒன்றரை மைலுக்கு மேல் போட்டியில் ஓடக்கூடாது என்று விதி வைத்திருந்தது. 1966-ல் பாபி கிப் என்ற இளம்பெண் போஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பம் கேட்டு எழுதினார். பெண்களின் உடலமைப்பு அதற்கு இடந்தராது என்று பதில் வந்தது. அவர் கலிபோர்னியாவிலிருந்து பல நாள் பேருந்தில் பயணம் செய்து வந்து, தொடக்கக் கோட்டுக்கு அருகே ஒரு புதரில் மறைந்திருந்தார். ஆண்கள் புறப்பட்டதும் கூட்டத்தில் கலந்துகொண்டார். தம்முடன் ஓடிய ஆண்கள் தம்மை அன்போடு ஆதரித்தார்கள் என்று பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். வெல்லெஸ்லி கல்லூரி மாணவியர் ஒரு பெண் வருகிறாள் என்று கேள்விப்பட்டு ஆர்ப்பரித்து வரவேற்றார்கள். குழந்தைகளோடு நின்ற ஒரு தாய் 'ஆவே மரியா, ஆவே மரியா' என்று குரலெழுப்பினாள் என்பதும் அவருடைய நினைவுக் குறிப்பு. 3 மணி 21 நிமிடம் 40 வினாடியில் அவர் ஓடி முடித்தார். கலந்துகொண்ட ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். ஆயினும் அவர் மார்பில் எண் இல்லை. ஆகையால் அவர் ஓடியதாகவே கணக்கில்லை.

தபால்காரரும் மாணவியும்

இந்தச் சமயத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத்துறை படிக்க வந்தார் கேத்ரின் சுவிட்சர். ராணுவ அதிகாரியின் மகள். பள்ளியில் படிக்கும்போது, விளையாடுகிறவர்களுக்கு ஆரவாரம் செய்யும் குழுவில் சேர விரும்பினாராம். வெளியே நின்று கைதட்டுவதைவிட நீயே விளையாடுவது மேல் என்று தந்தை அறிவுரை சொல்லி, நாளுக்கு ஒரு மைல் ஓடச் சொன்னார். அன்று தொடங்கிய ஓட்டம் அது.

சிராக்யூஸில் பெண்களுக்கு ஓட்டக் குழு இல்லை. ஆண்கள் குழுவோடு சேர்ந்து பயிற்சி செய்ய மட்டும் அனுமதி கிடைத்தது. ஆண்களின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பின்தங்கித் தனியாக ஓடினார். அப்போது அவருக்குத் துணை வந்தவர் அர்னி பிரிக்ஸ். பல்கலைக்கழகத்தின் தபால்களைக் கொண்டுசெல்பவர், வயது ஐம்பது, மூட்டுவலியால் முன்போல் வேகமாக ஓட இயலாதவர். ஆனால் போஸ்டன் மாரத்தானைப் பதினைந்து தடவை ஓடிய அனுபவசாலி. சிராக்யூஸ் ஹாரியர்ஸ் என்ற உள்ளூர் ஓட்டக் கழகத்தைச் சேர்ந்தவர். ஹாரியர் என்றால் முயலைத் துரத்தும் வேட்டை நாய். நெட்டோட்டக் கழகங்கள் இந்தப் பெயரை வைத்துக்கொள்வது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மாலை வேளைகளில், உறைபனியிலும் காற்றிலும் இருவரும் ஓடினார்கள். சலிப்புத் தெரியாமலிருக்க அர்னி போஸ்டன் கதைகளைச் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு நாள் மாணவி, கதையைப் பேசியது போதும், நாமே போய் ஓடுவோம் என்றார். பெண்ணால் அது ஆகாது என்றார் அர்னி. பாபி கிப் ஓடினாரே என்று அவர் எடுத்துக்காட்ட, அர்னி அதை நம்பவே இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை விதித்தார். எந்தப் பெண்ணாலாவது முடியுமென்றால் உன்னால் முடியும். ஆனால் முழுத் தூரத்தையும் முதலில் பயிற்சியில் ஓடிக் காட்டவேண்டும். காட்டினால் நானே உன்னைப் போஸ்டனுக்கு அழைத்துச் செல்கிறேன் என்றார்.

இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். அர்னி பிரிக்ஸ் அக்காலத்து எல்லாரையும் போலவே எண்ணியவர்தான். ஆனால் தம் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அவர் மறுக்கவில்லை. அதுவே அவருடைய பெருமை. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு இருவரும் 26 மைல் ஓடி முடித்தார்கள். தூரத்தில் பிழை இருந்துவிடக்கூடாது என்று மாணவி இன்னும் ஐந்து மைல் ஓடலாம் என்றார். 31 மைல், அதாவது ஐம்பது கிலோமீட்டர் முடிந்தபோது மயங்கியவர் அர்னிதான்! மறுநாளே அவர் விண்ணப்பத் தாளோடு வந்துவிட்டார். முறைப்படி பதிவு செய்து ஓடவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

இருவரும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். மாரத்தானைப் பற்றிய பகுதியில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. பெண் ஓட வருவாள் என்று எவரும் நினைக்காததால் அப்படி எழுதவும் தோன்றவில்லை போலும். பத்திரிகைக்கு எழுதும்போது இடும் வழக்கமான கையெழுத்தாகிய 'கே. வி. சுவிட்சர்' என்றே அவர் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார். கட்டணம் செலுத்தினார், உடல் தகுதிச் சான்றிதழும் பெற்றார். கழகத்தின் சார்பில் நால்வர் போவதாக ஏற்பாடு. மூன்றாமவர் ஜான் லெனார்ட் என்ற மாணவர். நான்காமவர் டாம் மில்லர், ஏறத்தாழ 106 கிலோ எடையுள்ள சம்மட்டி எறியும் வீரர். ஒரு பெண் ஓடினால் தம்மாலும் முடியும் என்று போதிய பயிற்சியின்றிப் புறப்பட்டவர் அவர்.

ஏப்ரல் 19, 1967

பந்தய நாளன்று உறைமழையும் குளிர்காற்றும் வாட்டின. எல்லாரும் தடித்த உடை அணிந்திருந்ததால் சுவிட்சரைப் பெண் என்று தூரத்திலிருந்து அறிவது கடினம். ஆனால் அவர் வேடம் போடவில்லை. உதட்டுச் சாயமும் காதணியும் அணிந்தே வந்திருந்தார். பக்கத்தில் நின்ற ஓட்டக்காரர்கள் வாழ்த்தினார்கள். அவர் மார்பில் இருந்த எண் 261.

ஓட்டம் தொடங்கிச் சில மைல்களுக்குள் பத்திரிகையாளர்களை ஏற்றிய வண்டி அருகே வந்தது. ஒரு பெண் எண் அணிந்து ஓடுகிறாள் என்று கண்டதும் அவர்கள் படமெடுக்கத் தொடங்கினார்கள். பந்தய நிர்வாகிகளில் ஒருவரான ஜாக் செம்பிள் வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். தோளைப் பற்றி இழுத்து, என் பந்தயத்தை விட்டு வெளியே போ என்று கத்தியபடி எண் அட்டையைப் பிடுங்க முயன்றார். அர்னி குறுக்கே வந்து, இவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான், விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். பயனில்லை. அதற்குள் டாம் மில்லர் தம் முழு எடையோடும் தோளால் மோத, செம்பிள் சாலையோரம் போய் விழுந்தார். கணநேரத்தில் நடந்து முடிந்த இந்தக் காட்சி புகைப்படங்களில் நிலைத்துவிட்டது.

அதன்பின் ஓடிய மைல்களே மிகக் கடினமானவை என்று சுவிட்சர் எழுதியிருக்கிறார். பயம், அவமானம், அழுகை. தம்மால் ஒலிம்பிக் வாய்ப்புக்கே கேடு வந்துவிட்டது என்று டாம் சினந்து தனியே முன்னே சென்றுவிட்டார். விலகி விடலாமா என்ற எண்ணம் அவருக்கும் வந்தது. ஆனால் தாம் பாதியில் நின்றால் பெண்ணால் முடியாது என்பதற்குத் தாமே சாட்சியாகிவிடுவோம் என்று உணர்ந்தார். கையாலும் முழங்காலாலும் தவழ்ந்தாவது முடிப்பேன் என்று அர்னியிடம் கூறினார். அப்படியானால் மெதுவாகப் போவோம், நேரத்தை மறந்துவிடு, முடிப்பது மட்டுமே வேலை என்றார் அர்னி. பயிற்சியாளர் என்பவர் இப்படித்தான் இருக்கவேண்டும்.

மைல்கள் கழியக் கழியக் கோபமும் கரைந்தது. இருபது மைலுக்குமேல் ஓடிக்கொண்டு யார்மீதும் கோபத்தைச் சுமக்க முடியாது என்பது அவர் அறிந்துகொண்ட பாடம். செம்பிளைக்கூட அவர் மன்னித்துவிட்டார். அவர் தம் காலத்துப் பிள்ளைதானே என்று எண்ணினார். வழியில், சோர்ந்து நடந்துகொண்டிருந்த டாமையும் கடந்தார்கள். நெஞ்சை உடைக்கும் குன்றை எப்போது ஏறினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லையாம். ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே பாபி கிப் எண் இன்றி மீண்டும் ஓடி முடித்திருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஒருவர் ஓட முடியும் என்று காட்டினார். மற்றவர் ஓடியவளைக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று கேட்டார். இரண்டும் வேண்டியிருந்தன.

கதவு திறந்த விதம்

ஊர் திரும்பும் வழியில் சிற்றுண்டிக்காக நிறுத்திய இடத்தில், செய்தித்தாளில் தங்கள் படத்தை அவர்களே கண்டார்கள். சம்மேளனம் சுவிட்சரை நீக்கியது. ஆண்களோடு ஓடியது, ஒன்றரை மைலுக்கு மேல் ஓடியது எல்லாம் குற்றம் என்றது. ஆனால் படத்தைப் பார்த்த மக்கள் கேட்ட கேள்வி வேறு: ஓடுகிற பெண்ணை ஏன் பிடித்துத் தள்ளவேண்டும்?

ஐந்து ஆண்டுகள் போராடிய பிறகு, 1972-ல் போஸ்டன் மாரத்தான் பெண்களை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. எட்டுப் பெண்கள் ஓடினார்கள். நினா குசிக் என்பவர் 3 மணி 10 நிமிடம் 26 வினாடியில் முதலாவதாக வந்தார். அதே ஆண்டு நியூயார்க் மாரத்தானில் பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தனியே புறப்படவேண்டும் என்றார்கள். துப்பாக்கி வெடித்ததும் ஆறு பெண்களும் தொடக்கக் கோட்டில் அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான வெடி கேட்டதும் எழுந்து அவர்களோடு ஓடினார்கள். யாரையும் ஏசவில்லை, எதையும் உடைக்கவில்லை. அந்த விதி அதற்குமேல் நிலைக்கவில்லை.

1973-ல் போஸ்டன் தொடக்கக் கோட்டில் ஜாக் செம்பிள் தாமாகவே சுவிட்சரிடம் வந்து, படமெடுப்பவர்கள் முன்னிலையில் நட்புப் பாராட்டினார். அவரும் தீயவர் அல்லர். பலமுறை மாரத்தான் ஓடியவர். பந்தயத்தை விளையாட்டாக்கிக் கேலிக்கூத்து ஆடுகிறவர்களை வெறுத்தவர். பெண்கள் அக்கறையோடு ஓடுகிறார்கள் என்று கண்டதும் மனம் மாறினார். 1988-ல் அவர் இறக்கும் வரை அந்த நட்பு நீடித்தது.

சுவிட்சர் 1974-ல் நியூயார்க் மாரத்தானில் பெண்களில் முதலாவதாக வந்தார். 1975-ல் போஸ்டனில் 2 மணி 51 நிமிடம் 37 வினாடியில் ஓடினார். தொடக்கத்தில் எடுத்த நேரத்தோடு இதை ஒப்பிட்டால் பயிற்சியின் வலிமை விளங்கும். பிறகு பல நாடுகளில் பெண்களுக்கென்றே நெட்டோட்டங்களை ஏற்பாடு செய்தார். 1980-ல் லண்டன் நகரின் தெருக்களை அடைத்து அப்படி ஒரு மாரத்தான் நடந்தது. மறு ஆண்டே, 1981-ல், பெண்கள் மாரத்தானை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

1984 ஆகஸ்டு 5-ஆம் நாள் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் அது நடந்தது. முழங்கால் அறுவை செய்து பதினேழே நாளில் தகுதிப் பந்தயம் ஓடியவரான ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் தங்கம் வென்றார். நார்வேயின் கிரேட் வைட்ஸ் வெள்ளியும், போர்ச்சுகலின் ரோசா மோட்டா வெண்கலமும் பெற்றார்கள். சுவிட்சர்லாந்துக்காக ஓடிய கேப்ரியேலா ஆண்டர்சன் வெப்பத்தால் நிலைதடுமாறி, கடைசிச் சுற்றைத் தள்ளாடியபடியே முடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. 1928-ல் சில பெண்கள் களைத்துச் சாய்ந்ததற்காகப் பந்தயத்தையே நிறுத்தினார்கள். இம்முறை எவரும் அப்படிப் பேசவில்லை. அதே ஒலிம்பிக்கில், மூன்று நாள் கழித்து, பெண்களுக்கு முதன்முறையாக வைக்கப்பட்ட 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் நாட்டின் பி. டி. உஷா நூற்றில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார்.

1966 முதல் 1968 வரை பாபி கிப் பெற்ற மூன்று வெற்றிகளையும் போஸ்டன் பந்தயக் கழகம் 1996-ல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. 2017-ல், ஐம்பது ஆண்டு நிறைவில், எழுபது வயதான சுவிட்சர் அதே 261-ஆம் எண்ணை அணிந்து போஸ்டனில் மீண்டும் ஓடி முடித்தார். 4 மணி 44 நிமிடம். முதன்முறையைவிட ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடமே அதிகம்! அந்த எண்ணை இனி வேறு யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். இன்று போஸ்டனில் ஓடுபவர்களில் பத்துக்கு நால்வருக்குக் குறையாமல் பெண்கள்.

நமக்கு என்ன பாடம்?

ஓட்டம் கன்னியர் மடத்துக்கும் அந்நியமானதன்று. அமெரிக்காவில் சகோதரி மடோனா பூடர் என்ற துறவி, ஒரு குருவானவரின் தூண்டுதலால் நாற்பத்தெட்டாம் வயதில் ஓடத் தொடங்கினார். 2012-ல், எண்பத்திரண்டு வயதில், நீச்சல், சைக்கிள், முழு மாரத்தான் மூன்றும் சேர்ந்த 'இரும்பு மனிதர்' போட்டியை ஒரே நாளில் முடித்தார். அவரை 'இரும்புக் கன்னிகை' என்றே அழைத்தார்கள். புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயத்தையே உவமையாக எடுத்துக்கொள்கிறார். கொரிந்து நகருக்கு அருகில் ஓட்டப் பந்தயங்கள் நடந்துவந்ததால், அந்த மக்களுக்கு அது எளிதில் விளங்கியது.

மாணவிகளே, உங்களில் எல்லாரும் மாரத்தான் ஓடவேண்டும் என்பதில்லை. வளரும் வயதில் அவ்வளவு தூரம் ஓடவும் கூடாது. ஆனால் நாள்தோறும் அரை மணி நேரம் ஓடலாம், வேகமாக நடக்கலாம், கோக்கோ விளையாடலாம். வளரும் பெண்ணுக்கு இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மிகவும் தேவை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகை, பால், மீன், முட்டை இவற்றைத் தட்டில் ஒதுக்காதீர்கள். தாகமெடுக்கும்போது தண்ணீர் குடியுங்கள். காலை உணவை விட்டுவிட்டு மைதானத்துக்கு வராதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாளுக்கு ஒரு மைல் ஓடு என்று மகளிடம் சொன்ன தந்தையையும், வேலை முடிந்த மாலைகளை ஒரு மாணவியின் பயிற்சிக்குத் தந்த தபால்காரரையும் நினைத்துப் பாருங்கள். கேத்ரின் சுவிட்சர் தம் கால்களால் ஓடினார் என்பது உண்மை. அந்தக் கால்கள் போஸ்டன் வரை செல்வதற்கு ஒரு வீடும் ஒரு சிறு கழகமும் துணை நின்றன என்பதும் உண்மை. நம் பள்ளியின் மாலை நேர விளையாட்டு மைதானமும் அப்படி ஒரு கழகமாகலாம். அங்கே பின்தங்கி ஓடும் ஒரு சிறுமியைக் கண்டால், அவளோடு சேர்ந்து மெதுவாக ஓட ஒருவர் முன்வரட்டும்.